வேற்றுலகார் ஆட்சி: இரு நாவல்கள் காட்டும் வரலாறு

வேற்றுலகார் மண்ணுலகை ஆளும் கதைகளை வெறும் கற்பனை என ஒதுக்கிவிடுகிறோம். அவற்றின் வேர் வரலாற்றில் ஊன்றியிருப்பதை மறந்துவிடுகிறோம்.

எச். ஜி. வெல்சின் ‘உலகங்களின் போர்’ 1898இல் நூலாக வெளிவந்தபோது பிரிட்டிஷ் பேரரசு உச்சநிலையில் இருந்தது. டாஸ்மேனியப் பழங்குடியினரை வெள்ளையர் அழித்த கொடுமையை நூலின் தொடக்கத்திலேயே வெல்ஸ் நினைவூட்டுகிறார். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர் என்பதை நாம் சேர்த்தறிதல் வேண்டும். அக்கதையில் வரும் பீரங்கிப் படைவீரன், தோற்ற மனிதருள் பலர் கூண்டு வாழ்வுக்கும் வேளை தவறாத உணவுக்கும் பழகிவிடுவர் என்கிறான். சிலர் தம் இனத்தாரையே வேட்டையாடத் துணைபோவர் என்றும் அஞ்சுகிறான். அந்நிய ஆட்சி படைவலியால் மட்டும் நிலைப்பதில்லை. ஆளப்படுவோரின் இசைவாலும் நிலைக்கிறது.

பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் 1953இல் வெளியிட்ட ‘குழந்தைப் பருவத்தின் முடிவு’ வேறொரு காட்சியைத் தருகிறது. அங்கே வேற்றுலகார் போரை ஒழிக்கின்றனர், வறுமையைப் போக்குகின்றனர். ஆயினும் விண்மீன்களை நாடிச் செல்ல மனிதர்க்குத் தடை; புதியன படைக்கும் ஊக்கமும் மங்குகிறது. ஆளவந்த காரெல்லனும் மேலிடத்து ஆணையை நிறைவேற்றும் நிர்வாகியே. கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு அவன் புதியவன் அல்லன்!

இருப்புப்பாதையும் அஞ்சலும் தந்தனரே என்று அந்நிய ஆட்சியைப் போற்றுவோர் இன்றும் உளர். இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிக்கையில் நமக்குத் தோன்றும் விடை ஒன்றே: நல்லாட்சியும் தன்னாட்சிக்கு ஈடாகாது. 1947க்குப் பின் பிறந்த நாமும் நம் மக்களும் இதனை மறத்தலாகாது.