மணியோசையும் மடைப்பள்ளியும்

கிறித்தவ வாழ்வில் அமைதியான செபத்துக்கு நேரம் ஒதுக்குவது குறித்து எழுதப்பட்ட நூல்களுக்குக் குறைவில்லை. வைகறையில் எழுக, கதவைத் தாழிடுக, மனத்தை ஒருமுகப்படுத்துக என அவை நமக்கு அறிவுறுத்துகின்றன. அந்த ஒரு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று நாம் படித்தவற்றுள் பல நூல்கள் கேட்பதே இல்லை. லூக்கா நற்செய்தியில் மார்த்தா இயேசுவிடம் முறையிட்டது இதைத்தான். மரியா காலடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, பணிவிடை முழுவதும் தன் தலையில் விழுந்தது என்பதே அவள் குறை. துறவு மடங்களின் வரலாற்றை இந்த முறையீட்டின் வழியே படித்துப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நான்காம் நூற்றாண்டு எகிப்தியப் பாலைவனத்தின் தனித்துறவிகளிடம் இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. அவர்கள் பாய் முடைந்தும் கூடை பின்னியும் உண்டவர்கள். 356-இல் மறைந்த வனத்து அந்தோனியாரைப் பற்றி (நம் ஊர்களில் பெரிதும் வணங்கப்படும் பதுவை அந்தோனியார் வேறு, இவர் வேறு) ஒரு கதை உண்டு. மனச்சோர்வில் வாடிய ஒரு நாள், தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து செபிப்பதையும், மறுபடி அமர்ந்து திரிப்பதையும் அவர் கண்டாராம். கண்டது ஒரு வானதூதரை என்கிறது கதை. வேலையும் செபமும் அங்கே ஒரே ஆளின் இரு கைகளாக இருந்தன.

பலர் கூடி வாழத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே கசினோவில் மடம் நிறுவிய ஆசீர்வாதப்பர் 73 அதிகாரங்களில் ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை பொதுச்செபம். வாரத்துக்குள் 150 சங்கீதங்களும் பாடி முடிக்கப்பட வேண்டும். அழைப்பொலி கேட்டதும் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டு வர வேண்டும். இவை பலரும் அறிந்தவை. அதே நூலின் முப்பத்தைந்தாம் அதிகாரமே நம் கவனத்துக்குரியது. அது சமையல் பற்றியது.

நோயாளிகளும் முக்கியப் பொறுப்பில் இருப்போரும் தவிர எவரும் சமையற்பணியிலிருந்து விலக்குப் பெற முடியாது. வாரத்துக்கு வாரம் முறை மாறும். முறை முடிப்பவர் சனிக்கிழமை துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைத் துலக்கிப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். முடிப்பவரும் தொடங்குபவரும் சேர்ந்து அனைவருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். ஞாயிறு காலைச் செபம் முடிந்ததும் செபக்கூடத்திலேயே இருவரும் எல்லார் முன்னும் பணிந்து தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்க வேண்டும். பரிமாறுகிறவர் முணுமுணுக்காதிருக்க, உணவு வேளைக்கு முன்பே அவருக்குச் சிறிது ரொட்டியும் பானமும் தரவேண்டும் என்றும் அந்நூல் சொல்கிறது. பசித்த வயிற்றோடு பரிமாறுவதன் எரிச்சலை அறிந்த ஒருவரால்தான் இதை எழுத முடியும். இன்றைக்கு நீ செபி, நாளைக்கு நான் என்னும் ஏற்பாடு இது.

இவ்வேற்பாடு நிலைக்கவில்லை. 910-இல் பிரான்சில் தோன்றிய குளூனி மடத்தில் வழிபாடு பெருகிப் பெருகி, ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சங்கீதங்கள் என்றாயிற்று. கையுழைப்புக்கு நேரமில்லாமல் போனது. அதற்கு எதிர்வினையாக 1098-இல் சித்தோ மடம் எழுந்தது. சிஸ்டெர்சியர் எனப்பட்ட இவர்கள் வழிபாட்டைச் சுருக்கி உழைப்பை மீட்டனர். ஆனால் விரிந்த நிலங்களை உழுவதற்கு, விரைவிலேயே, எழுத்தறிவற்ற உழவர்களைத் ‘தொண்டுச் சகோதரர்’ என்ற தனிப்பிரிவாகச் சேர்த்துக்கொண்டனர். இவர்களும் வார்த்தைப்பாடு கொடுத்த துறவிகளே. ஆயினும் கோவிலில் தனி இடம், உண்பதற்குத் தனிக்கூடம், மடத்தலைவரைத் தேர்வதில் குரலில்லை. புத்தகம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. சில செபங்களை மனப்பாடம் செய்து, சங்கீதங்களுக்குப் பதிலாக இத்தனை முறை ‘பரலோக மந்திரம்’ என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். பலர் தொலைவிலிருந்த பண்ணைகளிலேயே தங்கி, ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் மட்டும் மடத்துக்கு வந்தனர். பாடகர் வரிசைத் துறவிகளின் அமைதிக்கு இவர்களே விலை கொடுத்தனர். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இவர்கள் மீண்டும் மீண்டும் கலகம் செய்ததில் வியப்பில்லை.

அவிலா தெரேசா 1562-இல் தொடங்கிய சீர்திருத்தக் கார்மேல் சபையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மௌன செபம் விதிக்கப்பட்டது. பெருக்கும் முறைப்பட்டியலில் முதற்பெயர் மடத்தலைவியுடையதாக இருக்க வேண்டும் என்ற விதியையும் அவர் அதனுடனேயே எழுதி வைத்தார்.

அச்சபையின் ஆண்கள் கிளையில், பாரிஸ் நகரில், 1640-இல் தொண்டுச் சகோதரராகச் சேர்ந்தவர்தான் லாரன்ஸ். படைவீரராக இருந்து காயப்பட்டு, பின் ஒரு வீட்டில் ஏவலாளாக இருந்தவர். சமையலில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு; ஆயினும் பதினைந்து ஆண்டுகள் சமையற்கட்டில் இருந்தார். செப வேளையும் வேலை வேளையும் தமக்கு ஒன்றே என்று அவர் சொன்னதை, 1691-இல் அவர் இறந்தபின் ஜோசப் தெ போஃபோர் என்னும் குரு தொகுத்து வெளியிட்டார். அந்நூல் உலகப் புகழ் பெற்றது. தனி நேரம் வேண்டியதில்லை, பாத்திரம் துலக்கிக்கொண்டே செபிக்கலாம் என்பதற்கு இன்றும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த வாசிப்பை நம்மால் முழுதாக ஏற்க இயலவில்லை. குறித்த வேளைகளில் மேலாளர் சொற்படி லாரன்ஸ் தனிச்செபத்துக்குச் சென்றவரே. மேலும், அடுப்படியிலிருந்தவர் தம்மைப் பற்றிச் சொன்னதை, அடுப்படிப் பக்கம் போகாதவர் பிறருக்கு உபதேசமாகச் சொல்லும்போது அதன் பொருள் திரிந்துவிடுகிறது. லாரன்ஸின் சொல் அவருடைய சொந்த வெற்றி. அதைக் காட்டி மார்த்தாவின் முறையீட்டைத் தள்ளுபடி செய்ய முடியாது.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவு வாழ்வின் புதுப்பித்தல் குறித்து வெளியிட்ட ஆணை, தொண்டுச் சகோதரரைச் சமூக வாழ்வோடு நெருங்க இணைக்குமாறு பணித்தது. பெண்கள் மடங்களில் ஒரே வகைச் சகோதரியர் என்ற நிலை வரவேண்டும் என்றது. பல மடங்களில் சமையல் முறைப்பட்டியல் மீண்டும் சுவரேறியது. சிஸ்டெர்சியர் தொடங்கி ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.