நட்சத்திரம் போட்ட கையெழுத்து

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கையெழுத்து என்பது படிப்பதற்கல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. காசோலையையும் மாதிரிக் கையெழுத்து அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எழுத்து புரியாவிட்டாலும் ஆள் பிடிபட்டுவிடுவார். முப்பது வருடம் நான் செய்த வேலை இது. அதனால்தானோ என்னவோ, யூடித் லெய்ஸ்டரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் 1609-இல் பிறந்தவர் இந்த அம்மையார். 1633-இல் அவ்வூர் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது அபூர்வம். சொந்தப் பட்டறை வைத்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1635-இல் ஒரு மாணவன் அவரை விட்டுவிட்டு, பெரிய பெயர் பெற்ற பிரான்ஸ் ஹால்ஸிடம் போய்ச் சேர்ந்தான். அம்மையார் சும்மா விடவில்லை, சங்கத்தில் முறையிட்டார்!

1636-இல் யான் மோலெனார் என்ற ஓவியரை மணந்தார். அதன்பிறகு வரைந்தது குறைவு. 1660-இல் இறந்தார். ஹார்லெம் பற்றி 1648-இல் வந்த நூல் ஒன்று அவரைப் பாராட்டியிருந்தது. ஆனால் காலப்போக்கில் அவர் ஓவியங்கள் ஹால்ஸ் பெயரிலும் கணவர் பெயரிலும் கைமாறின. புத்தகத்தில் பெயர் இருந்தது, சுவரில் ஒரு படம்கூட அந்தப் பெயரில் இல்லை.

1892-இல் லண்டனில், மது அருந்தி மகிழும் ஒரு ஜோடியின் ஓவியம் ஹால்ஸ் வரைந்தது என்று 4,500 பவுனுக்கு விற்கப்பட்டது. அதிலிருந்த கையெழுத்து சந்தேகத்தைக் கிளப்ப, விவகாரம் நீதிமன்றம் போனது. பின்னிக்கிடந்த இரண்டு எழுத்துகள், கூடவே ஒரு நட்சத்திரம். யாருக்கும் விளங்கவில்லை.

1893-இல் ஹோப்ஸ்டெடெ டெ க்ரோட் என்ற டச்சு அறிஞர் முடிச்சை அவிழ்த்தார். எழுத்துகள் யூடித் லெய்ஸ்டரின் முதலெழுத்துகள். நட்சத்திரம் ஏன்? டச்சு மொழியில் 'லெய்ஸ்டர்' என்றால் வழிகாட்டும் விண்மீன். அந்தக் குடும்பம் நடத்திய மதுவடிப்பகத்தின் பெயரும் அதுவே. அந்த அடையாளத்தை வைத்துத் தேடி, மொத்தம் ஏழு ஓவியங்களை அவருடையவை என்று அறிவித்தார்.

வழக்கு, விலையைக் குறைத்துக்கொண்டு சமரசமாக முடிந்தது. அதே படம், அதே வண்ணம். போட்டவர் ஹால்ஸ் இல்லை என்றதும் மதிப்பு இறங்கிவிட்டது. இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு பெண்ணின் திறமையை இரண்டு நூற்றாண்டுகள் ஹால்ஸின் திறமை என்று மெச்சியவர்கள், அவள் பெயர் தெரிந்தவுடன் பேரம் பேசினார்கள்.

1630-ஆம் ஆண்டின் அந்த ஓவியம் 1914-இல் பாரீசின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இன்று அங்கே அது லெய்ஸ்டரின் பெயரில்தான் இருக்கிறது.