கற்பூரமும் கருவியும்

பழவேற்காடு ஏரியில் சுத்துவலை போடப் பாடு முறை உண்டு. எந்தப் பாடு, அதாவது வலை போடும் இடம், யாருக்கு என்று ஊர்க்கட்டுப்பாடு சொல்லும். தகராறு வந்தாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்துதான். வலையோ பணமோ களவு போய், சாட்சியும் இல்லையென்றால்? தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத் தெரிந்த பழைய வழி, சாமி முன்னால் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வது. போலீஸுக்குத் தெரிந்த புது வழி, உண்மை கண்டறியும் சோதனை. இரண்டுமே உள்ளங்கையைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன.

உள்ளங்கையிலும் விரல்களிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் வெயிலைவிடப் பதற்றத்துக்கே சட்டென்று கசியும். இரண்டு விரல்களில் மின்முனை மாட்டி, உடம்புக்குத் தெரியாத அளவில், சுமார் அரை வோல்ட் கொடுப்பார்கள். கேள்வி காதில் விழுந்ததும் நரம்பு சுரப்பியைத் தூண்டும். உப்பு கலந்த ஈரம் மேலேறும். தோலின் மின்தடை இறங்கும். ஓரிரு விநாடியில் வரைபடத்தில் ஒரு மேடு எழும். பிரான்சின் ஃபெரே 1888இலேயே இந்த மாற்றத்தைப் பதிவு செய்தார். இன்றைய கருவி மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கூடவே பதிகிறது.

அந்த மேடு பொய்யைக் காட்டுவதில்லை, பதற்றத்தைக் காட்டுகிறது. வலை இழுத்துக் காய்த்த கைக்கும் பேனா பிடித்த கைக்கும் தடையின் அளவே வேறு. ஆகவே ஒருவரை அவரோடேதான் ஒப்பிட முடியும். அப்போதும் பயந்த நிரபராதி சிக்கலாம், நெஞ்சழுத்தக்காரர் தப்பலாம். கற்பூரத்திலும் இதே கதைதான். சாமிக்குப் பயந்தவர் கைதான் நடுங்கும்!

சட்டம் இரண்டையும் நடத்திய விதம்தான் விசித்திரம். எதிராளி இன்ன சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று வழக்காடி ஒப்புக்கொண்டால், 1873ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டப்படி அந்தச் சத்தியமே அவருக்கு எதிரான முடிந்த முடிவு. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கைவிட்டது. கருவிக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைக்கவில்லை. 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது, சம்மதித்தாலும் முடிவு மட்டுமே சாட்சியமாகாது என்றது. சம்மதித்தவர் தந்த தகவலால் பொருள் ஏதும் கிடைத்தால், அதை ஏற்கலாம்.

2012இல் திருச்சியில் கொல்லப்பட்ட தொழிலதிபர் ராமஜெயம் வழக்கில், சம்மதித்த 12 பேருக்கு 2023 ஜனவரியில் சென்னையில் இந்தச் சோதனை நடந்தது. அதோடு வழக்கு முடிந்துவிடவில்லை.

என்னைக் கேட்டால், கற்பூரம் ஒருவகையில் நேர்மையானது. அறிவியல் என்று அது சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் ஊர் கூடி நிற்கையில் சத்தியத்துக்கு மறுப்பவரைப் பாதுகாக்க எந்த விதியும் இல்லை. கருவிக்கு உண்டு. தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2000ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன் பதிய வேண்டும். வக்கீல் உதவி தர வேண்டும். சோதனைக்குக் கூப்பிட்டால் முதலில் வக்கீலைப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.