தொகுப்பானின் ஐயம்

கிரே-1 என்னும் கணிப்பொறி 1976ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தை வந்தடைந்தது. சீமோர் கிரே என்னும் பொறியியல் அறிஞர் வடிவமைத்த அப்பொறி, மேலிருந்து நோக்கினால் பிறைபோல் வளைந்திருக்கும். அதன் அடியைச் சுற்றி மெத்தையிட்ட இருக்கைகள் அமைந்திருக்கும். அவ்விருக்கைகளுக்குள் ஒளிந்திருந்தவை மின்வழங்கிகள். பொறியின் துடிப்பு நொடிக்கு 8 கோடி. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு கூட்டலும் ஒரு பெருக்கலும் முடியுமாயின், நொடிக்கு 16 கோடிக் கணக்குகள் முடிந்துவிடும். "முடியுமாயின்" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியதே இன்றைய பேச்சு.

பொறியை அமைத்தவர் கிரே. அதற்குக் கணக்குகளைக் கொண்டுவந்தவர்கள் இயற்பியல் அறிஞர்களும் வானிலை அறிஞர்களும் ஆவர். அவர்கள் பொறியின் மொழியை அறியார். ஃபோர்ட்ரான் என்னும் மொழியில் தங்கள் கணக்குகளை எழுதினர். ஒரு மொழியில் எழுதியதைப் பொறியின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர் எனப்படும் தொகுப்பானின் தொழில். ஜான் பேக்கஸ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு, ஐ.பி.எம். 704 என்ற கணிப்பொறிக்காக முதல் ஃபோர்ட்ரான் தொகுப்பானை 1957ஆம் ஆண்டில் வெளியிட்டது. கையால் எழுதிய கட்டளைகளுக்கு ஈடாகப் பொறி எழுதும் கட்டளைகள் ஓடுமா என்ற ஐயம் அன்று பலருக்கும் இருந்தது. பேக்கஸ் குழுவினர் அந்த ஐயத்தை வென்றனர். வெக்டர் பொறிகள் வந்தபோது அதே ஐயம் புதிய உருவில் திரும்பி வந்தது.

வெக்டர் கட்டளை என்றால் என்ன? வீடு கட்டும் இடங்களில் செங்கல் கைமாறிச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். ஆறு பேர் வரிசையாக நிற்கின்றனர். ஒருவன் ஒரு கல்லைச் சுமந்து மேலே சென்று, திரும்பி வந்து அடுத்த கல்லை எடுத்தால் பொழுது வீணாகும். கை மாற்றும் வரிசையிலோ முதற்கல் மேலே சேரும்முன்பே அடுத்த ஐந்து கற்களும் வழியில் இருக்கின்றன. கிரே-1 பொறியின் கூட்டல் உறுப்பும் அவ்வாறே ஆறு படிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. 64 எண்களை ஒருசேரத் தாங்கவல்ல பதிவகங்கள் எட்டு அதில் இருந்தன. "இந்தப் பதிவகத்தையும் அந்தப் பதிவகத்தையும் கூட்டுக" என்ற ஒரே கட்டளையால் 64 கூட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும். பெருக்கல் உறுப்பிலிருந்து வெளிவரும் விடை, பதிவகம் நிறையும்வரை காத்திராமல், நேரே கூட்டல் உறுப்புக்குள் பாயவும் வழி செய்திருந்தார் கிரே. இதற்குச் சங்கிலிப் பிணைப்பு என்று பெயர்.

இதற்கு முன்னரே வந்த ஸ்டார்-100 என்னும் பொறி, எண்களைப் பதிவகத்தில் வைக்காமல் நினைவகத்திலிருந்தே நேராக ஓடவிட்டது. ஒவ்வொரு வெக்டர் கட்டளையும் ஓடத் தொடங்குவதற்கே நெடுநேரம் பிடித்தது. தனி எண்களைக் கையாளும் கணக்குகளிலோ அது மிக மெதுவாக இயங்கியது. ஜீன் ஆம்டால் 1967ஆம் ஆண்டில் முன்வைத்த வாதம் இங்கே கண்கூடாயிற்று. ஒரு கணக்கில் பாதி வேலையை மட்டும் எவ்வளவு விரைவாகச் செய்தாலும், மொத்த வேகம் இருமடங்கைத் தாண்டாது. நூற்றில் எண்பது பங்கை நேரமே பிடிக்காதபடி செய்துவிட்டாலும் ஐந்து மடங்குதான். ஆகவே எஞ்சிய பகுதியை எவ்வளவு குறைக்க முடியும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. அதனைக் குறைக்கவேண்டியவன் தொகுப்பான்.

இதில் என்ன தொல்லை என்று கேட்கலாம். ஒரு கடையின் கணக்கேட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் பொருளின் அளவும் விலையும் உள்ளன; இரண்டையும் பெருக்கித் தொகையை எழுதவேண்டும். 64 வரிகளை 64 பேருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் விடை மாறாது. அதே ஏட்டில் "கையிருப்பு" என்று ஒரு பத்தி உண்டு. ஒவ்வொரு வரியின் கையிருப்பும் முந்திய வரியின் கையிருப்போடு வரவைக் கூட்டிப் பெறுவது. இதனை 64 பேருக்குப் பிரித்துக் கொடுத்தால், இரண்டாமவர் முதல்வரின் விடைக்குக் காத்திருக்கவேண்டும். காத்திராமல் எழுதினால் ஏடு முழுதும் பிழையாகும். ஒரு வரி மற்றொரு வரியின் விடையை எதிர்பார்த்து நிற்கும் இவ்வுறவைச் சார்பு என்பர்.

இன்னும் நுட்பமான நிலை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியும் அடுத்த வரியின் பழைய எண்ணை எடுத்துத் தன்னிடத்தில் எழுதிக்கொள்வதாகக் கொள்வோம். இங்கும் வரிகளுக்கிடையே உறவு உண்டு. ஆயினும் முதலில் எல்லாப் பழைய எண்களையும் படித்துவிட்டுப் பின்னர் எல்லாவற்றையும் எழுதினால் பிழை நேராது. வெக்டர் கட்டளையும் அப்படித்தான் செய்கிறது. ஆக, உறவு இருப்பது மட்டும் தடையாகாது. அது எத்திசையில் செல்கிறது என்பதையும் காணவேண்டும். மூன்றாவதாக, "கே வரிகளுக்கு முன்னுள்ள எண்ணை எடுத்துக்கொள்" என்று நிரல் கூறி, அந்த கே என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியவரும் என்றால் தொகுப்பான் என் செய்யும்? அதனால் மெய்ப்பிக்க இயலாது. மெய்ப்பிக்க இயலாதபோது பழைய முறையிலேயே ஒவ்வொன்றாகச் செய்யும் கட்டளைகளை எழுதிவிடும். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய பொறி, அந்த இடத்தில் சாதாரணப் பொறியாகிவிடுகிறது.

இந்தத் தயக்கத்தைக் குறைகூறுவது எளிது. ஆனால் தயங்காத தொகுப்பான் அதனினும் கொடியது. தவறாக வெக்டராக்கிய நிரல் நின்றுபோவதில்லை. எச்சரிக்கை மணி அடிப்பதுமில்லை. நம்பத்தக்கதுபோல் தோன்றும் பொய்யான எண்களை வேகமாக அச்சிட்டுத் தரும். நாளைய மழையைக் கணிக்கும் நிரலில் அத்தகைய பிழை புகுந்தால், அதனைக் கண்டுபிடிப்பது யார்?

ஆகவே ஐயத்தை நீக்கும் கணிதத்தைத் தேடினர். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்ற இல்லியாக்-4 திட்டம் 64 செயலிகளை ஒரே கட்டளையால் இயக்க முயன்றது. அதற்கான ஃபோர்ட்ரான் தொகுப்பானை எண்ணியே லெஸ்லி லாம்போர்ட், சுழல்களை இணையாக இயக்கும் முறைபற்றி 1974ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே பல்கலைக்கழகத்தில் டேவிட் குக் என்பவரும் அவருடைய மாணவர்களும் பாராஃபிரேஸ் என்னும் ஆய்வுத் தொகுப்பானை உருவாக்கினர். உத்பல் பானர்ஜி அங்கேதான் சார்பை ஆராயும் சோதனைகளை வகுத்தார். அவற்றின் தன்மையை ஓர் எளிய எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு சுழல் இரட்டைப்படை இடங்களில் மட்டும் எழுதி, ஒற்றைப்படை இடங்களை மட்டும் படிக்கிறது என்றால், அவை எக்காலத்தும் சந்திக்கமாட்டா. நிரலை ஓட்டிப் பாராமலே இதனைக் கூறிவிடலாம். சிக்கலான இடங்களில், சுழலின் எல்லைகளை வைத்து, இரு கோவைகள் எட்டக்கூடிய மிகப்பெரிய வேறுபாட்டையும் மிகச்சிறிய வேறுபாட்டையும் கண்டு, அவற்றினிடையே சந்திப்பு நேருமா என்று பார்ப்பர். பானர்ஜியின் பெயரால் வழங்கும் சோதனை இதுவே.

ரைஸ் பல்கலைக்கழகத்தில் கென் கென்னடியும் அவருடைய மாணவர் ராண்டி ஆலனும் இத்துறையை ஒழுங்குபடுத்தினர். சுழலில் உள்ள கூற்றுகளைப் புள்ளிகளாகவும் சார்புகளை அம்புகளாகவும் வரைந்து, அம்புகள் வளையமாகச் சுற்றிவரும் கூற்றுகளை ஒருபுறம் பிரித்துவைத்து, மற்றவற்றை மட்டும் வெக்டராக்குவது அவர்கள் முறை. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை இன்றும் இத்துறை மாணவர்கள் படிப்பது.

சார்பை அறிந்தபின் நிரலை மாற்றி அமைக்கும் உத்திகளும் வளர்ந்தன. 1000 எண்களை 64 எண் கொண்ட பதிவகத்தில் எப்படி அடக்குவது? 15 முறை 64ஆகவும், எஞ்சிய 40ஐ ஒரு முறையாகவும் பகுத்துக்கொள்வர். நிபந்தனை வரும் இடங்களில், எவ்வெவ் எண்களுக்கு நிபந்தனை பொருந்துகிறது என்று ஒரு மறைப்பட்டியலைச் செய்துகொள்வர். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது சுழல்களை இடம் மாற்றுவது. பள்ளிச் சேமிப்புக் கணக்கில் ஒரு மாணவனின் இம்மாத இருப்பு அவனுடைய சென்ற மாத இருப்பைச் சார்ந்தது. ஒவ்வொரு மாணவனாக எடுத்து ஆண்டு முழுதும் எழுதினால் வெக்டருக்கு இடமில்லை. மாணவர் அனைவருக்கும் முதல் மாதத்தை எழுதிவிட்டு, பிறகு இரண்டாம் மாதத்தை எடுத்தால், ஒருவன் கணக்கு மற்றொருவன் கணக்கைத் தொடாது! கணக்கு ஒன்றே; வரிசைதான் வேறு.

இத்தனைக்கும் பிறகு மெய்ப்பிக்க இயலாத இடங்கள் இருந்தன. அங்கே, "சார்பு இல்லை; நான் பொறுப்பு" என்று நிரலாசிரியரே எழுதிக் கொடுக்கும் குறிப்பு ஒன்றைக் கிரே தொகுப்பான்கள் ஏற்றுக்கொண்டன. பொய்ச்சான்று எழுதினால் பலனும் அவரையே சேரும். தொகுப்பான் கண்ட தடைகளை வரிவரியாக அச்சிட்டுத் தரும் பட்டியலைப் பார்த்துத் தம் நிரலைத் திருத்துவது அறிஞர்களின் அன்றாட வேலையாயிற்று. பொறிக்கு ஏற்ப எழுதும் பழக்கத்தைத் தொகுப்பான் அவர்களுக்குக் கற்பித்தது என்றே கூறவேண்டும்.

இவ்வரலாறு நம் நாட்டையும் தொட்டது. பருவமழையை நம்பி வாழும் நாட்டிற்கு நடுத்தூர வானிலைக் கணிப்பு வேண்டுமென்று, 1980களின் இறுதியில் கிரே எக்ஸ்-எம்.பி. வகைப் பொறியொன்று புது டெல்லியில் நிறுவப்பட்டது. இந்தியா கேட்டதைவிடச் சிறிய பொறிக்கே அமெரிக்கா இசைந்தது. அந்த அனுபவத்தின் பின்னணியில் 1988ஆம் ஆண்டில் சீ-டாக் நிறுவனம் தோன்றி, 1991ஆம் ஆண்டில் பரம் 8000 என்னும் பொறியை அளித்தது. அது வெக்டர் வழியை விடுத்துப் பல சிறு செயலிகளைப் பிணைக்கும் வழியில் சென்றது.

உலகமும் அவ்வழியே சென்றது. எனினும் வெக்டர் கட்டளைகள் மறையவில்லை. சிறு பொறிகளுக்குள் குடியேறின. இன்டெல் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் எம்.எம்.எக்ஸ். கட்டளைகளைக் கொண்டுவந்தது, 1999இல் 128 பிட்டு அகலமும், 2011இல் 256 பிட்டு அகலமும் வந்தன. மொழியும் மாறியிருந்தது. சி மொழியில் இரு சுட்டிகள் ஒரே இடத்தைக் காட்டக்கூடுமாதலால், ஃபோர்ட்ரானில் இல்லாத புதிய ஐயம் பிறந்தது. சுட்டிகள் சந்திக்கமாட்டா என்று உறுதி கூறும் சொல்லொன்றை 1999ஆம் ஆண்டுச் செந்தரம் சேர்த்தது. ஒரு பத்தியைக் கூட்டுவது போன்ற எளிய வேலையிலும் தயக்கம் தொடர்ந்தது. தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும்; ஆகவே நிரலாசிரியர் இசைவின்றித் தொகுப்பான் அதைத் தொடுவதில்லை.

இத்தனை ஆண்டு உழைப்பின் பயன் என்ன என்று 2011ஆம் ஆண்டில் இல்லினாய் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். இதற்கென்றே தொகுத்த 151 சோதனைச் சுழல்களில், மூன்று தொகுப்பான்களும் 45 முதல் 71 விழுக்காடு வரையே வெக்டராக்கின. உண்மையான பயன்பாட்டு நிரல்களில் வெற்றி பெற்ற சுழல்கள் சிலவே. அகலம் மாறுந்தோறும் நிரலை மீண்டும் தொகுக்கவேண்டிய தொல்லையைத் தீர்க்க, 128 முதல் 2048 பிட்டு வரை எந்த அகலத்திலும் ஓடக்கூடிய கட்டளைத் தொகுதியை ஆர்ம் நிறுவனம் 2016இல் அறிவித்தது. அதனைக் கொண்ட ஜப்பானின் ஃபுகாகு பொறி 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உலகின் விரைவான பொறிகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2021இல் ஒப்புதல் பெற்ற ரிஸ்க்-5 வெக்டர் கட்டளைகளில், எத்தனை எண்கள் என்பதை நிரலே பொறியிடம் கேட்டறிகிறது. நீளத்தைத் தனிப் பதிவகத்தில் வைத்த கிரேயின் கருத்து அதில் மீண்டும் தலைகாட்டுகிறது.

உலகெங்கும் இலவசமாக வழங்கும் ஜி.சி.சி. தொகுப்பான் தானே வெக்டராக்கும் திறனை 2005ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்டது. ஆயினும் பலரும் பயன்படுத்தும் இரண்டாம் நிலைச் செம்மையாக்கத்தில் அத்திறன் தானாகவே இயங்கத் தொடங்கியது 2022ஆம் ஆண்டில்தான். அதுவும் செலவு மிகக் குறைவென்று உறுதியாகத் தெரியும் சுழல்களில் மட்டும்.