இணையச் செயலிகளின் அமைவுக் கோப்புகளும் தமிழ் எழுத்தும்: 'தருமபுரி' என்னும் பெயர்வழி ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு சேவையகக் கொள்கலனில் இயங்கும் இணையச் செயலி வேறொரு கொள்கலனிலும் மாற்றமின்றி இயங்க வேண்டும் என்னும் நோக்கில் ஜாவா உலகம் 1999இல் பொதுவானதோர் அமைவுக் கோப்பை வகுத்தது. ஆயினும், பயனர் அனுப்பும் உரையின் எழுத்துக் குறியேற்றத்தை அறிவிக்கும் வழி அக்கோப்பில் 2017 வரை இல்லை. இவ்விடைவெளி தமிழ்த் தரவுகளை எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அமைவுக் கோப்பு, கொள்கலன், குறியேற்றம், ஒருங்குறி, தருமபுரி.

முன்னுரை

அதியமான் மரபினரின் தகடூர் இன்றைய தருமபுரியாகும். பல்லவர் கால வட்டெழுத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ள பகுதி இது. அக்கல்வெட்டுகளின் பாடங்களைத் தேடத்தக்க வடிவில் இணையத்தில் வைக்க முனைவோர், கல்லிலுள்ள எழுத்தைப் படித்து முடித்த பின்னரும் மற்றொரு வாசிப்புச் சிக்கலை எதிர்கொள்ள நேர்கிறது. ஒரு சேவையகத்தில் செம்மையாகத் தெரிந்த பாடம், செயலியை வேறொரு சேவையகத்திற்கு மாற்றியதும் சிதைந்து தோன்றலாம். செயலியின் நிரலில் ஓர் எழுத்தும் மாறாதபோது பாடம் மட்டும் ஏன் மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

பொது அமைவுக் கோப்பின் தோற்றம்

1999இல் வெளியான சர்வ்லெட் 2.2 வரையறை, செயலியை ஒரே பொதியாகக் கட்டும் முறையையும், அதனுள் 'வெப்.எக்ஸ்எம்எல்' என்னும் அமைவுக் கோப்பை வைக்கும் முறையையும் வகுத்தது. அதே ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் சர்வ்லெட் நிரலை அப்பாச்சி அமைப்பிற்கு வழங்க, டாம்கேட் கொள்கலன் உருவாயிற்று.

இவ்வமைப்பில் ஒரு பொறுப்புப் பகிர்வு இருந்தது. செயலி தனக்குத் தேவையான தரவுத்தளத்தை ஒரு புனைபெயரால் மட்டும் சுட்டும். அப்பெயருக்குரிய உண்மை முகவரியையும் கடவுச்சொல்லையும் சேவையகத்தின் பக்கம் தரவேண்டும். டாம்கேட், ஜேபாஸ், வெப்லாஜிக் ஆகிய ஒவ்வொன்றும் இதற்கெனத் தனித்தனிக் கோப்பு வடிவத்தைக் கொண்டிருந்தன. எனவே, எல்லாக் கொள்கலன்களுக்கும் பொதுவான கோப்பு ஒன்றும், கொள்கலனுக்கேற்ப மாறும் கோப்பு ஒன்றும் எனக் கோப்புகள் இருவகைப்பட்டன.

அறிவிக்கப்படாத அமைவு

எழுத்துக் குறியேற்றம் இவ்விரு பகுதிகளுக்கும் இடையில் விடுபட்டது. உலாவி குறியேற்றத்தைத் தெரிவிக்காதபோது, வரும் உரையை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய ஐஎஸ்ஓ 8859-1 என்றே கொள்ளவேண்டும் என்பது சர்வ்லெட் வரையறையின் இயல்பிருப்பு. முகவரிப் பட்டியின் வழி வரும் தேடுசொல்லையும் டாம்கேட் 7ஆம் பதிப்பு வரை அவ்வாறே படித்தது. ஜெட்டி கொள்கலனோ அதனை யுடிஎஃப்-8 எனப் படித்தது. ஆகவே, ஒரே பொதி ஜெட்டியில் தமிழ்த் தேடலுக்கு விடை தந்து, டாம்கேட்டில் விடையின்றி நிற்க இயலும். அதைத் திருத்தும் அமைவு செயலியின் கோப்பில் அன்றி, டாம்கேட்டின் சேவையகக் கோப்பில் இருந்தது. செயலியை எழுதியவர் சேவையகத்தை ஆளும் உரிமை பெற்றிராதபோது அவரால் அதை மாற்ற இயலாது.

'தருமபுரி': ஒரு கணக்கு

'தருமபுரி' என்னும் சொல்லில் ஐந்து எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது 8 குறியீடுகளாகவும், யுடிஎஃப்-8 வடிவில் 24 பைட்டுகளாகவும் அமைகிறது. இந்த 24 பைட்டுகளை ஐஎஸ்ஓ 8859-1 எனப் படித்தால் பொருளற்ற 24 குறிகள் கிடைக்கும். பைட்டுகள் அழியாமையால் இச்சிதைவை மீட்கலாம். மாறாக, அச்சொல்லை ஐஎஸ்ஓ 8859-1 வடிவில் ஜாவா எழுத முற்பட்டால் 8 கேள்விக்குறிகளே எஞ்சும். இது மீட்க இயலாத இழப்பாகும். கல்வெட்டுத் தரவில் இவ்வேறுபாடு பாடச்சிதைவுக்கும் பாட இழப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒத்தது.

ஜாவாவின் பண்புக் கோப்புகளும் இதே வரம்பிற்கு உட்பட்டிருந்தன. அவற்றில் தமிழை நேராக எழுத இயலாமையால், ஒவ்வொரு குறியீட்டையும் ஆறு இலத்தீன் வரியுருக்களாக மாற்றவேண்டியிருந்தது. அதன்படி 'தருமபுரி' 48 வரியுருக்களாயிற்று. தமிழறிஞர் ஒருவர் கோப்பைத் திறந்து பிழைதிருத்தும் வாய்ப்பு இதனால் அற்றுப்போயிற்று.

திருத்தங்களின் வரலாறு

சர்வ்லெட் 2.3 (2001) கோரிக்கையின் குறியேற்றத்தை நிரல்வழி மாற்ற இடமளித்தது. 2014இல் நிலைபெற்ற டாம்கேட் 8 முகவரிகளுக்கு யுடிஎஃப்-8ஐ இயல்பிருப்பாக்கியது. 2017இல் வெளியான சர்வ்லெட் 4.0 கோரிக்கை, மறுமொழி ஆகிய இரண்டின் குறியேற்றத்தையும் பொது அமைவுக் கோப்பிலேயே அறிவிக்க வழிசெய்தது. அதே ஆண்டில் ஜாவா 9, மொழிவளக் கோப்புகளை யுடிஎஃப்-8இல் படிக்கத் தொடங்கியது. 2022இல் ஜாவா 18 அதனைத் தன் பொது இயல்பிருப்பாக ஏற்றது. தமிழுக்கு ஒருங்குறியில் 1991இலேயே இடம் கிடைத்தும், அவ்விடம் அமைவுக் கோப்பில் உறுதிப்பட ஏறத்தாழ 26 ஆண்டுகள் தேவைப்பட்டன.

குறியேற்றத்திற்கு அப்பால்

குறியேற்றம் செம்மையுற்ற பின்னரும் எஞ்சும் சிக்கல்கள் உள. 'தருமபுரி', 'தர்மபுரி' ஆகிய இருவடிவங்களும் 8 குறியீடுகளே உடையன. உகரக் குறியும் புள்ளியும் மட்டுமே வேறுபடுகின்றன. எக்கொள்கலனும் இவற்றை ஒன்றெனக் கொள்ளாது. மேலும், 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. 2004க்கு முந்தைய பதிப்புகளில் 'தருமபுரி மாவட்டம்' என்பது இன்றைய கிருஷ்ணகிரிப் பகுதியையும் உள்ளடக்கும். ஆகவே, பெயர்வடிவங்களும் மாவட்ட எல்லைகளும் நிரலுக்குள் பதிக்கப்படாமல், காலக்குறிப்புடன் கூடிய தனித்தரவாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கோப்பின் வடிவம் பொதுவாதல் மட்டும் பெயர்வுத்தன்மையை உறுதிப்படுத்தாது என்பது பெறப்படுகிறது. செயலிக்குரியவை, கொள்கலனுக்குரியவை, தரவுக்குரியவை எனப் பகுத்து, ஒவ்வொன்றையும் வெளிப்படையாக அறிவித்தலே அதற்கு வழி. ஆங்கிலத்திற்கு இடையூறு தராத இயல்பிருப்பு, தமிழுக்குப் பாட இழப்பாயிற்று. எனவே, தமிழ்த் தரவகங்களை உருவாக்குவோர் குறியேற்றத்தை எந்த இயல்பிருப்பிடமும் ஒப்படைக்காது தாமே அறிவித்து, ஒவ்வொரு சேவையக மாற்றத்தின்போதும் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லை எழுதியும் தேடியும் சோதித்தல் இன்றியமையாதது.