மலைமண்ணும் கடற்கரையும்

கடலுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் யாது தொடர்பு என வினவுவார் உளர். நுவரெலியாவை அடுத்த உயர்மலைகளிற் பெய்யும் மழை பல திசைகளிற் பிரிந்து செல்கின்றது. மகாவலியோடு கலந்து கீழ்க்கரையிற் கொட்டியாரக்குடாவை அடைவது ஒரு பங்கு. மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்து ஓயாக்களின் வழியே களனி கங்கையாகிக் கொழும்பின் வடபால் கடலிற் புகுவது மற்றொரு பங்கு. நீரோடு மண்ணும் செல்லும். அதிற் பருமணல் கடற்கரைக்கு உணவு. நுண்வண்டலோ நீர்த்தேக்கத்துக்கும் களப்புக்கும் பவளப்பாறைக்கும் கேடு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே பின்வரும் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிச் செய்கைக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கரின் எச்சரிக்கையை ஏற்று, 1873-இல் 5,000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. அதற்குட்பட்ட சரிவுகளுக்கு அக்காவல் இல்லை. 1869-இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி மடிய, அவ்விடத்தைத் தேயிலை கொண்டது. புல்லொன்றும் நில்லாத மலையே நல்ல மலை என்பது அக்காலத் துரைமார் பலரின் கொள்கை. தொழிலாளர் கையிற் சுரண்டி கொடுக்கப்பட்டது. அது களையை மட்டுமா சுரண்டியது? மேல்மண்ணையும் தளர்த்தி மழையிடம் ஒப்படைத்தது. மண்ணரிப்பை ஆராய அமைந்த குழுவின் அறிக்கை 1931-இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951-இலேதான் பிறந்தது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் எத்தனை பருவமழை பெய்திருக்கும்!

சரிவிற் குறுக்கே கான் வெட்டியவரும் கல்லணை அடுக்கியவரும் தோட்டத் தொழிலாளரே. அவர்களுட் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. மண்ணைக் காக்கும் கைகள் ஓரிடத்தும், மண்ணைப் பற்றி முடிவு செய்யும் வாய்கள் வேறிடத்தும் இருந்தன.

கரையின் கதை வேறு வழியிற் சென்றது. 1981-ஆம் ஆண்டின் 57-ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நிலப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் தன் எல்லையாக வகுத்தது. ஆற்றுவாயிலாயின் அவ்வெல்லை 2 கிலோமீற்றர் உள்நாடு செல்லும். களனியின் நீளமோ ஏறத்தாழ 145 கிலோமீற்றர்! நீர்கொழும்பு நோக்கிய கரைக்குக் களனி மணலே முதன்மையான ஊட்டம். கட்டட வேலைக்காக ஆற்றுமணல் அளவின்றி அள்ளப்பட்டமையால் அவ்வூட்டம் குன்றிக் கரை அரிக்கப்பட்டது. அதனைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினர். மணலை விற்றுக் கல்லை வாங்கிய வாணிகம் அது.

ஒரே ஆற்றுக்கு அதிகாரிகள் பலர். மலைமண் கமத்தொழில் திணைக்களத்தின் பொறுப்பு. காசல்ரீ (1965), மவுசாகலை (1969) நீர்த்தேக்கங்கள் மின்சார சபையின் பயன்பாட்டுக்குரியவை. மணல் அகழ்வு உரிமம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்தின் கையில். ஆற்றுவாய் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உரியது. ஆனால் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், மாலைதீவு ஆகிய ஐந்து நாடுகள் 1995-இல் தென்னாசியக் கடல்கள் செயற்றிட்டத்தை ஒருங்கே ஏற்றன. நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் மாசினைத் தடுத்தலும் அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. ஐந்து நாடுகள் உடன்படுவது ஓர் ஆற்றின் நான்கு அலுவலகங்கள் உடன்படுவதிலும் எளிது போலும்.

உள்நாட்டிலும் நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. 1990-களில் ஹிக்கடுவையிலும் ரெக்கவைக் களப்பிலும் விசேட பகுதி முகாமைத்துவம் என்னும் பெயரில் அரச அலுவலரும் அவ்வூர் மக்களும் ஒருங்கிருந்து திட்டம் வகுத்தனர். ரெக்கவையில் மீனவரின் சொல்லும் அவையேறிற்று. மலையிற் கான் வெட்டுவோர்க்கு அத்தகைய அழைப்பு நெடுங்காலம் வரவில்லை. அவர்களுட் பலரின் பிரசாவுரிமைச் சிக்கலே 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் தீர்ந்தது.