வளரிளம் பருவத்தினரின் போதைப் பழக்கமும் மனநலமும்: பெற்றோர், பராமரிப்போருக்கான விளக்கம்

வளரிளம் பருவத்தில் தொடங்கும் போதைப் பழக்கம் ஒழுக்கக் கேடு அன்று. சிகிச்சையால் சீராகக்கூடிய உடல்நல, மனநலச் சிக்கல் ஆகும். தொடக்க நிலையிலேயே கண்டறிந்து, படிப்பை நிறுத்தாமல் உதவி அளித்தால் மீள்வது எளிதாகும்.

பயன்படுத்தப்படும் பொருள்கள்

கூல் லிப், குட்கா போன்ற புகையிலைப் பொருள்கள், சிகரெட், மது, கஞ்சா ஆகியவை மாணவர்களிடையே காணப்படுகின்றன. பசை, ஒயிட்னர் ஆகியவற்றை முகர்தலும், மருத்துவர் பரிந்துரையின்றி வலி நிவாரண மாத்திரைகளை உட்கொள்ளுதலும் போதைப் பழக்கமே. உதட்டிடுக்கில் வைக்கும் புகையிலையில் புகை இல்லை. ஆயினும் அடிமைப்படுத்தும் நிக்கோட்டின் உண்டு.

மனநலத்துடன் உள்ள தொடர்பு

தன்னடக்கத்தை ஆளும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. ஆகவே இப்பருவத்தில் பழக்கம் விரைந்து வேரூன்றும். மனச்சோர்வு, பதற்றம், குடும்பச் சண்டை ஆகியவற்றால் துன்புறும் மாணவர் ஆறுதல் தேடிப் போதையை நாடக்கூடும்; போதையோ அத்துன்பத்தை வளர்க்கும்.

தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் பாசன மாவட்டங்களில் சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் நடைபெறும். பொதுத் தேர்வுகளும் அதனையடுத்தே வருகின்றன. பெற்றோர் வயலிலும் நெல் கொள்முதல் நிலையத்திலும் இருக்கும் இந்நாட்களில் பிள்ளைகளின் மனநிலையைக் கூடுதலாகக் கவனித்தல் வேண்டும்.

அறிகுறிகள்

- மதிப்பெண் குறைதல், பள்ளிக்குச் செல்லாமை
- உறக்கம், பசி ஆகியவற்றில் மாற்றம்
- காரணமற்ற எரிச்சல், தனிமை நாடல்
- வீட்டில் பணம் காணாமற்போதல்
- வாய்ப்புண், கண் சிவத்தல்

இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் கூடாது.

பள்ளியில் ஆலோசனை

ஆலோசகர் மாணவரிடம் தனியே உரையாடி, பழக்கம் எப்போது, எதனால் தொடங்கியது என்பதை அறிவார். நண்பர்களின் வற்புறுத்தலை மறுக்கும் முறையைப் பயிற்றுவிப்பார். தேவைப்படின் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி, மாணவர் கூறுவது மறைவாகக் காக்கப்படல் வேண்டும். பலர் முன் கண்டித்தலும் பள்ளியை விட்டு நீக்குதலும் பழக்கத்தை மறைக்கவே தூண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

- அடித்தல், அவமதித்தல் தவிர்த்து, அமைதியான வேளையில் பேசுக.
- பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி ஆகியவற்றைப் பூட்டி வைத்துச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்க. போதையும் மனச்சோர்வும் சேரும்போது தற்கொலை எண்ணம் திடீரென எழக்கூடும்.
- நாள்தோறும் மது அல்லது போதை மாத்திரை பயன்படுத்தியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்துதல் வேண்டும்.

சட்டம்

2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜ தூரத்திற்குள்ளும் புகையிலைப் பொருள்களை விற்றல் குற்றம். குழந்தைகளுக்கு மது, போதைப் பொருள், புகையிலை அளிப்போருக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது. சிகிச்சை நாடுவது குற்றமன்று. வழக்கு வரும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

உதவி பெற

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். தொலைபேசி உதவி:

- மனநல ஆலோசனை: 14416
- போதை மீட்பு: 14446
- மாணவர் வழிகாட்டல்: 14417
- குழந்தைகள் உதவி: 1098

தற்கொலை எண்ணம், மயக்கம், வலிப்பு ஆகியவை இருப்பின் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே 108-ஐ அழைக்கவும்.